மாமி முகம் காட்டிய காலை

என் மகனே,

மாமி இன்று காலை முகம் காட்டினாள். ஒன்பது மணிக்குத் தொட்டி விளக்கு தானாக எரிந்தபோது நான் வழக்கம்போல் பிரம்புக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் இருந்தேன். ஐந்து கிழமையாக இப்படித்தான் இருக்கிறேன், அதனால் பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. முதலில் ஓரத்தில் நாலைந்து முளைகள், அரிசிக் குறுணை அளவில் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிறகு அடுத்த வரிசை வந்தது. தேநீர் ஆறி ஆடை படிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. பத்தரை மணிக்குள் தலை முழுவதும் அந்தச் சின்னச் சின்ன விரல்கள் நீண்டு, தண்ணீர் ஓடும் பக்கமாக ஆடத் தொடங்கிவிட்டன. நான் அழுதேன். அறுபத்தேழு வயதில் மீன்தொட்டிக்கு முன்னால் இருந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, எதிர்வீட்டு ராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து உற்றுப் பார்த்து, "அக்கா, இது போன கிழமையும் இப்பிடித்தானே இருந்தது" என்றாள். கண் இருந்து என்ன பயன், நீயே சொல்.

இதை, நீ மூன்றரை மணிக்குப் போன் எடுக்கும்போது வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போகிறேன். ஆனால் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது, அது தொலைபேசியில் வராது. முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருந்தவள் நான். ஒரு "ஹலோ"வை வைத்தே மறுபக்கத்தில் இருப்பவருக்குச் சாவுச் செய்தி வந்திருக்கிறதா, பிள்ளை பிறந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அதே வேலை எனக்கு இன்னொன்றையும் பழக்கிவிட்டது. காய்ச்சலோடு போனாலும், வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போனாலும், குரல் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையாக இருக்க வேண்டும். அந்தக் குரல்தான் உனக்கு ஒவ்வொரு நாளும் "ஒண்டுமில்லையடா, நல்லா இருக்கிறன்" என்று சொல்கிறது. எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்தச் சாமர்த்தியம் வருவதில்லை. அதனால்தான் இந்தத் தாள்கள். எழுதி முடித்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டு வாசிக்காதே, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு வாசி.

நீயும் துஷியும் கலியாணம் முடித்து மெல்பேர்னுக்குப் போனபோது இந்தத் தொட்டியை என்ன செய்வது என்று மூன்று நாள் கதைத்தோம், நினைவிருக்கிறதா? உன்னைப் போலவே தொட்டி வைத்திருக்கும் கல்கிசை நிஷாந்தவிடம் கொடுத்துவிடலாம் என்றாய். நான்தான் விடவில்லை. எனக்கு இந்தப் பிராணிகளில் பெரிய பற்று இருந்தது என்று நினைக்காதே. முருகைக்கல் என்றால் எனக்குத் தெரிந்தது மதிலில் வைத்துக் கட்டும் வெள்ளைக் கல், சுண்ணாம்பு சுடும் கல், அவ்வளவுதான். அதற்கு உயிர் இருக்கிறது, வாய் இருக்கிறது, கோபம்கூட வரும் என்று நீ சொன்னபோது, படிக்கிற பிள்ளைக்குப் பொழுதுபோக்கு முற்றிவிட்டது என்று உன் அப்பாவிடம் முறைப்பட்டவள் நான். ஆனால் நீ போன பிறகு வரவேற்பறையில் அந்த மூலை வெறுமையாக இருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. பம்ப் ஓடும் சத்தம் இருந்தால் நீ உன் அறையில் இருப்பதாக ஒரு எண்ணம். அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. "நான் பாப்பன், எழுதி வைச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன்.

நீ எழுதி வைத்ததையும் சொல்ல வேண்டும். நாற்பது பக்கக் கொப்பி, முழுவதும் ஆங்கிலப் பெயர்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராகத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தாய். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரண்டு கிழமையில் எல்லாம் கழன்று விழுந்தன. எது எது என்று தெரியாமல் நான் எனக்குத் தெரிந்த பெயர்களை வைத்தேன். தையல் பெட்டியைக் கொட்டியது போல நிறம் நிறமாகக் கிடக்கிறவை பொத்தான்கள். தட்டையாக, தொட்டால் சுருங்குகிறவை காளான்கள். ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருக்கிறவை கைகள். நடுவில் குடையாக நிற்கும் பெரிய முருகை மாமி. பெயர் வைத்த காரணத்தை உன் அப்பாவின் அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே. கொஞ்சம் வெளிச்சம் கூடினால் முகத்தை மூடும், பக்கத்தில் ஒரு காளானை நகர்த்தினால் முகத்தை மூடும், மூடினால் பத்து நாளைக்குத் திறக்காது. உன் கலியாணத்தில் முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று அந்த மனுசி எத்தனை நாள் கதைக்காமல் இருந்தாள் என்று உனக்குத் தெரியும். நீ தொலைபேசியில் இங்கிலீஷ்ப் பெயரைச் சொல்லிக் கேட்பாய், நான் "மாமி நல்லா இருக்கிறா, கைகள் ரெண்டு கூடியிருக்குது" என்பேன். இரண்டு மாதத்தில் நீயும் மாமி என்றே கேட்கத் தொடங்கிவிட்டாய். அப்பா போன பிறகு நானும் நீயும் "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்பதைத் தாண்டிக் கதைத்தது இந்தத் தொட்டி என் கைக்கு வந்த பிறகுதான். அதை நான் நன்றாக அறிவேன்.

பராமரிப்பும் பழகிவிட்டேன். தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும் என்று நீ சொன்னதை, அடுப்பில் வற்றிய சொதி உப்புக் கரிப்பதை வைத்து ஒரே நாளில் விளங்கிக்கொண்டேன். கண்ணாடியில் கோடு போட்டிருந்தாய். அந்தக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்ல தண்ணீர், சமையலறையில் பூட்டியிருக்கும் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், ஒவ்வொரு நாளும் ஊற்ற வேண்டும். கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு நீ எழுதிய சட்டம் ஒன்று: சவர்க்காரம் பட்ட எந்தப் பாத்திரமும் தொட்டித் தண்ணீருக்குக் கிட்டவும் வரக்கூடாது. அதற்கென்றே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கான் வாங்கி வைத்தாய். அந்தச் சட்டத்தை நான் ஒரு நாளும் மீறவில்லை. என் பிழை அங்கேதான் தொடங்கியது.

போவதற்கு முதல் நாள் நீ இன்னொரு சட்டமும் போட்டாய். பெட்டி கட்டிக்கொண்டே, நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னாய். "அம்மா, தனிய இருக்கிறதெண்டா இருங்கோ. ஆனா ஒருக்கா விழுந்தியள் எண்டு கேள்விப்பட்டா, அடுத்த பிளேனில வந்து கூட்டிக்கொண்டு போயிருவன். வீட்டையும் வித்துப்போடுவன்." நீ பயத்தில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது வழக்கில் தீர்ப்பு வாசித்தது போல இருந்தது. இந்த வீடு, இந்தத் தொடர்மாடியின் நாலாம் மாடி, கீழே காலி வீதி, பின்னால் ரயிலும் கடலும், வெள்ளிக்கிழமை நடந்து போகிற தூரத்தில் கோயில். கொட்டாஞ்சேனையில் ஒரு அறை வீட்டில் ஏழு பேரோடு வளர்ந்தவளுக்கு, இது தன் சம்பளத்தில் பாதி போட்டு வாங்கிய வீடு. இதைவிட்டு நான் எங்கே போவேன்? மெல்பேர்னில் உன் வீட்டு யன்னலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நீங்கள் இருவரும் வேலையால் வரும்வரைக்கும் றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

இனிச் சொல்கிறேன். நான் விழுந்தேன்.

மூன்று மாதம் இருக்கும். குளியலறையில், ஈர நிலத்தில், பெரிய கதை ஒன்றுமில்லை. கால் சறுக்கியது, இடது கையை ஊன்றினேன், மணிக்கட்டில் எலும்பு வெடித்துவிட்டது. ராணிதான் முச்சக்கர வண்டி பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஆறு கிழமைக்கு மாவுக்கட்டு. வண்டியில் திரும்பி வரும்போதே, உனக்குச் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். நீ எடுக்கும் நேரத்துக்கு நான் நீளக் கை வைத்த வீட்டுச் சட்டை போட்டேன், வலது கையால் போனைப் பிடித்தேன், முகத்தை ஒரு நிமிடம் காட்டிவிட்டு உடனே தொட்டிப் பக்கம் திருப்பினேன். "அம்மா, உங்கட முகத்தையும் கொஞ்சம் காட்டுங்கோவன்" என்று நீ ஒரு நாள் சொன்னாய். "என்ர முகத்தில என்னடா புதுசு" என்றேன். குரல் துளியும் ஆடவில்லை.

மாவுக்கட்டோடு சமைத்தேன், துணி துவைக்க ராணி இருந்தாள். செய்ய முடியாமல் போனது தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். அந்த வெள்ளைக் கானைத் தூக்கிச் சரிக்க இரண்டு கை வேண்டும். வாளிகள் எல்லாம் சவர்க்காரம் கண்டவை, பானைகளும் அப்படித்தான். நீ போட்ட சிவப்புக் கோடு கண் முன்னால் நின்றது. ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். ஒற்றைக் கையால் தண்ணீர் சுமக்கப் பெண்பிள்ளைகளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே, இடுப்பில் குடம் வைப்பது. அலுமாரிக்கு மேலே உன் கலியாணத்துக்கு வாசலில் நிறைகுடம் வைத்த செப்புக் குடம் இருந்தது. அதற்குச் சவர்க்காரம் என்றால் என்னவென்றே தெரியாது. புளி போட்டுத்தான் விளக்குவேன். ராணியைக் கொண்டு இறக்கி, புளி போட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, கருவியின் குழாய்க்கு நேராக வைத்தேன். ஒரு நாளில் நிறைந்தது. வலது இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கி, மூன்று நாலு நாளைக்கு அதிலிருந்து புதுக் கிண்ணம் ஒன்றால் மொண்டு மொண்டு ஊற்றினேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. உங்கள் இருவரையும் வாசலில் வரவேற்ற குடம், அதில் தண்ணீர் ஊற்றுவது நல்லது என்றும் மனதுக்குள் ஒரு எண்ணம்.

இரண்டு கிழமை கழித்து நத்தைகள் கண்ணாடியைவிட்டுக் கழன்று மணலில் விழுந்தன. வயது போயிருக்கும் என்று நினைத்தேன். உன் சிவப்பு இறால் ஒரு காலையில் இல்லை. கைகள் திறந்து மூடுவதை நிறுத்தி, மூன்று நாளில் கரைந்தே போயின. மாமி முகத்தை மூடினாள். மீன்கள் இரண்டும் வழக்கம்போல் ஓடித் திரிந்து தீன் கேட்டன, அதனால் தண்ணீரில் பிழை இருக்காது என்று நம்பினேன். கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மாமி இருந்திருந்துவிட்டு இப்படி மூடுவாள், மேலே மெழுகு பூசியது போல மினுங்கும், பத்து நாளில் பழைய தோலைக் கழற்றிவிட்டுப் புதிதாக விரிவாள், அதுவரை தொடவேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். சரி, கோபம், பத்து நாள் என்று இருந்துவிட்டேன். கோபத்துக்கும் நோவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பத்து நாளும் போனது, தோல் கழலவில்லை. குடை ஒரு பக்கம் சாய்ந்து, ஓரம் மண்ணிறமாகி நைந்தது. மூடியைத் திறந்தால் அழுகல் மணம் வந்தது.

அந்த நாட்களில் உனக்கு நான் அனுப்பியவை எல்லாம் பழைய படங்கள். நீ "மாமி எப்பிடி?" என்று கேட்க, இணையம் சரியில்லை, வீடியோ வராது என்று சொல்லி, இரண்டு மாதத்துக்கு முந்திய படத்தைத் தேடி அனுப்பினேன். "வடிவா இருக்கிறா" என்று நீ எழுதினாய். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டியைப் பார்க்க என்னால் முடியவில்லை. நீ பதினெட்டு வயதில், காசு நாணயம் அளவுத் துண்டாக நிஷாந்தவின் தொட்டியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தவள் மாமி. கடலில் இருந்து ஒரு துண்டும் எடுக்கக்கூடாது, தொட்டியிலிருந்து தொட்டிக்குத்தான் கைமாற வேண்டும் என்று எனக்கு அன்று பெரிய பிரசங்கம் செய்தாய். உன் பன்னிரண்டு வருடம் என் கையில் அழுகிக்கொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை மத்தியானம், மனம் பொறுக்காமல், உள்ளபடியே ஒரு படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, நீ எடுத்தாய்.

"அம்மா, படத்தில அந்த மூலையில நிக்கிறது எங்கட நிறைகுடமா?"

"ஓம்."

"அதுக்குள்ள என்ன?"

"தொட்டிக்கு ஊத்துற தண்ணி. சவர்க்காரம் படாத குடம்தானே எண்டு..."

"ஐயோ அம்மா! செம்பு, அம்மா, செம்பு!"

மூன்று கிழமையாக நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்ததை நீ ஒரு மூலையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாய். முதுகெலும்பு இல்லாத எதற்கும், நத்தை, இறால், முருகை எல்லாவற்றுக்கும் செம்பு நஞ்சு, சுத்தமான தண்ணீர் செம்பை இன்னும் கூடுதலாக இழுக்கும், புளி போட்டு விளக்கியது அதற்கு மேலே என்று மூச்சு விடாமல் சொன்னாய். பிறகு கேட்டாய், "கான் இருக்கேக்க ஏன் குடத்தை எடுத்தனீங்கள்?" அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் தானாகச் சொல்லியது: "செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதெண்டு எல்லாரும் சொல்லுகினம், அதுகளுக்கும் நல்லதா இருக்குமெண்டு நினைச்சன்." பிறகு சிரித்தாய். கவலையோடுதான் சிரித்தாய், ஆனால் சிரித்தாய். அன்றிரவே துஷியும் எனக்கு "மாமி, அப்ப கசாயமும் ஊத்தினியளோ" என்று கேட்டு எழுதியிருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை. என் பிள்ளைகள் என்னை விசரி என்று நினைக்கட்டும், கிழவி என்று மட்டும் நினைக்கக்கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு. ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு எனக்கு நொந்தது. செம்புத் தண்ணீர் குடித்தால் நூறு வயது என்று நம்புகிற ஆள் உன் அம்மா இல்லை.

நிஷாந்த அன்று பின்னேரமே வந்தார். கல்கிசையிலிருந்து முச்சக்கர வண்டியில், உப்புக் கலந்த தண்ணீர் நாலு கான், கரிப் பை, வெள்ளைப் பஞ்சு அட்டை எல்லாம் கொண்டுவந்தார். வாசலிலேயே "பய வென்ன எபா, ஆன்ட்டி" என்றார். பயப்படாதே என்று ஒருவர் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருவது எவ்வளவு ஆறுதல் என்று எனக்கு அன்று தெரிந்தது. பாதித் தண்ணீரை இறக்கிப் புதிது ஊற்றினார். மாமியின் நைந்த ஓரத்தைச் சவர அலகால் வெட்டி எறிந்தார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். தண்ணீர் ஓடும் இடத்தில் பஞ்சைச் செருகினார். செம்பு இருந்தால் பஞ்சு நீலமாகும் என்றார். இரண்டு நாளில் வந்து எடுத்தபோது பேனை மை ஊற்றியது போல இருந்தது. என் கைவேலையை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அவர் கண்ணிலிருந்து மாவுக்கட்டு தப்புமா? கானை என்னிடம் நீட்டியவர், நான் வாங்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையைப் பார்த்தார், மூலையில் நின்ற குடத்தைப் பார்த்தார். சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார், அப்ப இதுதான் காரணமா என்று. உனக்குச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன். அந்த மனிதர் தண்ணீரில் கையை வைத்தபடியே யோசித்துவிட்டு ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். தானாகச் சொல்ல மாட்டாராம், நீ கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டாராம். மாமி விரியும்வரைக்கும் எனக்குத் தவணை. விரிந்த அன்று நான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர் சொல்வார். நான் சரி என்றேன். அன்றிருந்த நிலையில் மாமி விரிவாள் என்று நான் நம்பவில்லை.

ஏன் இவ்வளவு மறைத்தாய் என்று நீ கேட்பாய், கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. உன் ஏ.எல். பரீட்சை நேரம் அப்பாவுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்ததை நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. அலுவலக வேலையாகக் கண்டிக்குப் போயிருக்கிறார் என்றோம். நீ கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு வந்து, சவர அலகு எடுக்க அவருடைய பையைத் திறக்கப் போய், ஆஸ்பத்திரித் துண்டுகளைக் கண்டாய். கத்துவாய் என்று நினைத்தேன். நீ கத்தவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு, "நான் சிரிச்சுச் சிரிச்சு எழுதிக்கொண்டிருந்தனான், அம்மா. அப்பா அங்க கிடந்தவர். இனி என்னட்ட ஒண்டையும் மறைக்காதேங்கோ" என்றாய். நான் உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார், அந்த ஆறு வருடமும் அவருடைய ஒவ்வொரு துண்டையும் உனக்குக் காட்டினேன். என் விஷயம் என்று வந்தபோது அந்தச் சத்தியத்தில் என் பெயர் இல்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அது பிழை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்த ஐந்து கிழமையும் நான் எப்படி இருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. காலையில் விளக்கு எரியும்போது, விரிந்திருக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டுவேன். விரியவில்லை என்று கண்டதும், இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வரும். இரண்டும் ஒரே மனதில்தான். நிஷாந்த கிழமைக்கு இருமுறை வந்தார். இரண்டாவது பஞ்சு வெளிர் நீலம். மூன்றாவது இன்னும் வெளிர். நாலாவதில் நீலமே இல்லை, வெறும் ஊத்தைதான். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தோம். பொத்தான்கள் முதலில் திறந்தன, பிறகு காளான்கள். கைகள் எல்லாம் போய்விட்டன என்று நினைத்தேன், கல்லுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருந்து பிழைத்திருக்கிறது, மெதுவாகத் திறந்து மூடுகிறது. போன திங்கட்கிழமை மாமி மெழுகுத் தாள் போல ஒரு தோலைக் கழற்றினாள். இந்த முறை அது கோபம்தான், நோவில்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. நோவில் அவள் சாய்ந்தாள், கோபத்தில் நேராக நிற்கிறாள். இதை உன் கொப்பியில் நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே செம்பு, பித்தளை என்றும் சேர்த்திருக்கிறேன்.

இன்று காலை அவள் விரிந்தபோது நான் அழுததில் பாதி அவளுக்காக. மற்றப் பாதி, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதற்காக. நீளக் கைச் சட்டையில் வெள்ளவத்தை வெக்கையை மூன்று மாதம் தாங்கியது போதும், மகனே.

இனி நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. விமானச் சீட்டுப் போடுவாயோ, கத்துவாயோ, இரண்டும் செய். ஆனால் அதற்கு முன் கேள். மாவுக்கட்டு வெட்டி ஐந்து கிழமையாகிறது. குளியலறைக்கு றப்பர் விரிப்புப் போட்டு, சுவரில் பிடி பூட்டியாகிவிட்டது. வெள்ளைக் கானுக்குப் பதிலாக நிஷாந்த சின்னச் சின்னப் போத்தல்கள் ஆறு தந்திருக்கிறார், ஒற்றைக் கையால் தூக்கலாம். ராணியிடம் ஒரு திறப்பு இருக்கிறது, காலை எட்டு மணிக்குள் என் கதவு திறக்காவிட்டால் அவள் திறந்து பார்ப்பாள். நான் உன்னிடம் வருவேன், இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வருவேன், என் காலால். வீட்டை விற்கும் கதையை மட்டும் இனி எடுக்காதே. அந்தப் பயத்தில்தான் நான் உன்னிடம் பொய் சொன்னேன். பயம் காட்டிப் பெறுகிற சொல்லில் பாதி பொய்யாகத்தான் இருக்கும். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும், இதை அவர்களிடம் செய்யாதே. துஷியிடமும் செய்யாதே. உன்னுடைய "ஒண்டுமில்லை"யும் என்னிடம் படித்ததுதான். போன மாதம் நீ சொன்ன ஒன்றை நான் நம்பவில்லை. எது என்று நான் கேட்கப் போவதில்லை, நேரம் வரும்போது நீ சொல்.

குடத்தைப் புளி போட்டு விளக்கி மறுபடி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். அதில் ஒரு குற்றமும் இல்லை.

கடைசித் தாளுக்குப் பிறகு ஒரு படம் வரும். இன்று பதினொரு மணிக்கு எடுத்தது, பழைய படம் இல்லை. மாமி முழுவதும் விரிந்து நிற்கிறாள், வெட்டிய ஓரத்தில் சின்ன வடு ஒன்று தெரிகிறது, பெரிதாக்கிப் பார். பிறகு வலது பக்க மூலையைப் பார். கண்ணாடியில் ஊன்றியபடி ஒரு கை தெரியும், மெலிந்து, மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக. அது தவறுதலாகப் படத்துக்குள் வந்ததில்லை. ராணியிடம் போனைக் கொடுத்து, கையும் விழுகிற மாதிரி எடு என்று சொல்லி, நான்தான் வைத்தேன்.

அம்மா